மூன்றாம் ஓலை

எங்கள் சர்ச் உபதேசியார் போட்டிருக்கும் கறுப்புச் சட்டக் கண்ணாடியை என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை. சபையார் அன்போடு வாங்கிக் கொடுத்த கண்ணாடி அது. அவருடைய பார்வையில் ஒரு குறையும் கிடையாது என்பது யாங்கோனில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். இன்னொருத்தி நான்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நாற்பது வயது தாண்டியிருந்தது. கியாக்டடாவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை, வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா. வருஷங்கள் அப்படியே ஓடிவிட்டன. மாப்பிள்ளை இன்சீன்காரர், ரயில்வே பட்டறையில் வேலை. எங்கள் கோயில் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்கிற அறிவிப்புதான் ஓலை. தமிழில் ஒரு முறை, வெள்ளைக்காரன் காலத்து இங்கிலீஷில் ஒரு முறை. அந்த இங்கிலீஷில் மாப்பிள்ளை ‘பேச்சலர்’, பெண் ‘ஸ்பின்ஸ்டர்’. இதுவரை கல்யாணம் ஆகாதவள் என்பதற்கு மேல் ஓலையில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கிடையாது. பத்தொன்பது வயதில் ஓலை வாசிக்கப்பட்டபோது என் அம்மாவும் ஸ்பின்ஸ்டர்தான்.

ஆனால் முதல் ஓலையன்று உபதேசியார் தம் கணீர்க் குரலில் என் பெயரோடு அதை வாசித்ததும், பின்வரிசைப் பெண்பிள்ளைகள் போனில் அர்த்தம் தேடினார்கள். “அப்யோஜீ” என்று ஒருத்தி பர்மியில் கிசுகிசுக்க, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதிர்கன்னி. அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்த சொல் கோயிலுக்குள்ளும் வந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

உபதேசியார் வீட்டுக்குப் போய் நின்றேன். “ஐயா, அந்த ஒரு வார்த்தைய மட்டும் விட்டுருங்க.”

“அது ஏச்சு இல்லியேம்மா. உங்கம்மா ஓலையும் நான்தான வாசிச்சேன்” என்றார். என் கண் கலங்கியதைப் பார்த்ததும், “சரி, விட்டுர்றேன்” என்றார். சொன்ன சொல் தவறாதவர். அடுத்த ஞாயிறு விட்டுவிட்டார்.

ஸ்பின்ஸ்டர் இல்லையென்றால் பின்னே யார்? விதவை, இல்லாவிட்டால் புருஷனைப் பிரிந்தவள். அது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. மத்தியானத்துக்குள் பேச்சு இன்சீன் வரை போய்விட்டது. மாப்பிள்ளையின் அக்கா, என் நாத்தனாராகப் போகிறவர், ஊரைச் சுற்றும் வட்ட ரயில் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டார்.

“மொத ஓலைல இருந்தது ரெண்டாவதுல ஏன் இல்ல? முன்னாடி கல்யாணம் எதுவும் முடிஞ்சிருந்தா இப்பவே சொல்லிடு.”

நான்தான் எடுக்கச் சொன்னேன் என்றால் கல்யாணமே நின்றுவிடுமோ என்று பயந்தேன். “எனக்கு என்ன தெரியும் அண்ணி? உபதேசியாரத்தான் கேக்கணும்” என்றேன். நாத்தனார் நேரே அவரிடமே போய்க் கேட்டுவிட்டார். நான் இப்படிச் சொன்னேன் என்பதும் உபதேசியாருக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் ஞாயிறு ஓலையைக் கையில் எடுத்தவர், “போன வாரம் என் கண்ணு ஒரு வார்த்தைய விட்டுருச்சு. சபையார் மன்னிக்கணும்” என்றார். பிறகு அந்த வார்த்தையை நிறுத்தி, அழுத்தி வாசித்தார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். மடியில் பைபிளை வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஐயாவுக்கு வயதாகிவிட்டது என்று கமிட்டியார் பேசி முடிவெடுத்தார்கள். கண்ணாடி வந்தது, வாசிப்பு ஓர் இளைஞனிடம் போனது. அவ்வளவு ஆசையாக வாசித்த மனிதர், மறுபேச்சு இல்லாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். இப்போது ‘ஸ்பின்ஸ்டர்’ பழைய காலத்துச் சொல், பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்று ஓலையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அது ஏன் இல்லை என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

போன ஞாயிறு பாட்டு நேரத்தில் உபதேசியார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, புத்தகத்தைத் திறந்து பாடினார். பக்கத்தில் இருந்த நாத்தனார் என் காதருகே குனிந்தார்.

“பாவம், கண்ணாடி இல்லாம என்ன தெரியும் அவருக்கு? மனப்பாடமாவே பாடறாரு பாரு.”

“ஆமா அண்ணி” என்றேன்.