முதல் பந்தியில் ஓர் இலை

ஸ்ரீராம்புரத்துச் சந்தில் ஒற்றை அறையில் குடியேறி, அதே இடத்தில் மூன்று மாடி எழுப்பினேன். நாலாவதோடு படிப்பை விட்டவன், வெல்டிங் பட்டறை வைத்து என் இரண்டு பெண்களைப் பட்டதாரி ஆக்கினேன். எங்கள் வீட்டுப் புத்தாண்டு விருந்தும் நான் ஏற்படுத்தியதுதான். புது வருஷத்தில் என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொன்ன பிறகே இலை போடுவோம்.

போன வருஷம் என் மனைவி கரண்டியோடு நின்றபடி, "அடுத்த விருந்துலயாவது நான் முதல் பந்தியில உக்காந்து சாப்பிடணும்" என்றாள்.

"அப்ப பரிமாறது யாரு, உங்கப்பனா?" என்றேன். வீடே சிரித்தது.

ஆடியில் அவள் இறந்துவிட்டாள்.

இந்த வருஷம் முதல் பந்தியில் அவளுக்கென்று ஓர் இலை போட்டு, நானே பிரிஞ்சி பரிமாறினேன். அந்த இலைக்கு முன்னால் போட்ட நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. பந்தி முடிந்து பார்த்தால், இலை மடித்துக் கிடந்தது. பிரித்தேன். சோறு இல்லை. அவள் வழக்கமாக ஒதுக்கிவைக்கிற கிராம்பு மட்டும் ஓரத்தில் வரிசையாக, ஈரத்தோடு இருந்தது.

"அம்மா எங்களைப் பார்க்க வந்திருக்காங்கப்பா" என்று பெரியவள் அழுதாள். தெருவும் அப்படியே பேசுகிறது.

யாரைப் பார்க்க வந்தாளோ, இருக்கட்டும். உட்காரவைத்துப் பரிமாறியவன் நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.