கிரீஸுக்கு வைத்த உறை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் காது குத்து. ஊசி ஏறியபோது அவள் அழவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, வாயில் வெல்லத்தை அதக்கிக்கொண்டு ஜம்மென்று இருந்தாள். அழுகிற நிலைமையில் இருந்தவன் நான்தான்.

ஏன்? சொல்கிறேன். என் தப்பை நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். வாரத்தில் ஆறு நாள் நாமக்கல்லில் சேலம் ரோட்டில் ஒரு சின்ன கம்பெனியில் கிரீஸ் காய்ச்சுகிறேன். ஏழாவது நாள் உங்களோடு பேசுகிறேன். சம்பளச் சீட்டில் கெமிஸ்ட் என்று இருக்கும். ஊரில் கிரீஸ்காரர்.

கிரீஸ் என்பது வேறொன்றுமில்லை... எண்ணெயைச் சோப்பு இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது. அதில் துருப் பிடிக்காமல் இருக்க ஒரு கெமிக்கல், சூட்டில் கெட்டுப்போகாமல் இருக்க ஒன்று, பாரம் ஏறும்போது இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க இன்னொன்று. எல்லாம் குழம்புக்கு உப்புப் போடுகிற அளவுதான்.

நம் பக்கத்து லாரிகளின் சக்கர பேரிங்குக்கு இத்தனை நாளும் மஞ்சள் கிரீஸ்தான். அதில் இருப்பது சோடா சோப்பு. இந்த வருஷம் எங்கள் கம்பெனி லித்தியம் சோப்பில் புது கிரீஸ் இறக்கியது. சூடு தாங்கும், தண்ணீருக்குக் கரையாது. வித்தியாசம் தெரிவதற்காக நீலச் சாயமும் போட்டோம். சாயத்துக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனால் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்!

டின்மேல் ஒட்டும் லேபிளில் வாசகம் என்னுடையது. பத்திரிகையில் எழுதுகிற ஆள் இல்லையா... விடுவேனா? பன்னிரண்டு வரி எழுதினேன். என்னென்ன கெமிக்கல், எதற்கு எது, எல்லாம் விலாவாரியாக. முதலாளி படித்துவிட்டுத் தலையாட்டினார். நான் இரண்டு நாள் அந்த லேபிளைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

என் மனைவியின் அண்ணன் பொன்னுசாமி சொந்த லாரி வைத்து, தானே ஓட்டுகிறவர். "மொத டின்னு நம்ம வண்டிக்குத்தானுங்க மாப்ள" என்று வாங்கிப் போனார். சனிக்கிழமை சேந்தமங்கலத்தில் மெக்கானிக் செங்கோடன் பட்டறையில் நாலு சக்கரத்துக்கும் நீல கிரீஸ் போட்டாயிற்று. ஞாயிறு காலையில் அதே லாரி என் மனைவி சரஸ்வதி, என் மகள், சொந்தபந்தம் நாற்பது பேர் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குக் கிளம்பியது. எங்கள் குலதெய்வம் மலைமேல் இருக்கிறது. காது குத்து அங்கேதான்.

நான் மட்டும் ஏறவில்லை. கம்பெனிக் கொப்பரையில் ஒரு பேட்ச் பாதி வெந்திருந்தது. இறக்காமல் விட்டால் கட்டி தட்டிவிடும்.

"ஏனுங்க, புள்ளைக்குக் காது குத்தறது வருசா வருசமா வருது? உங்க கிரீஸு நாளைக்கும் வேகும்" என்றாள் சரஸ்வதி.

"பேட்சை எறக்கிப் போட்டுப் பொறகாலயே வாரேன்" என்றேன். அவள் பதில் பேசாமல் லாரியில் ஏறிக்கொண்டாள்.

பேட்ச் நல்லபடி இறங்கியது. பஸ் பிடித்துச் சேந்தமங்கலம் போனேன். அங்கிருந்து செங்கோடனின் மோட்டார் சைக்கிளில் மலை ஏறுவதாக ஏற்பாடு. அவனுக்கும் விசேஷத்துக்குச் சொல்லியிருந்தோம். மச்சானுக்குக் கொடுக்க அஞ்சு கிலோ டின் ஒன்றும் என் பையில் இருந்தது. டீக்கடையில் உட்கார்ந்து, கிரீஸ் எப்படி என்று பெருமையாகக் கேட்டேன்.

"வெண்ணெயாட்டம் இருக்குதுங்க சார். நாலு சக்கர ஹப்புலயும் நல்லா அடைச்சு, உறையும் வெச்சுட்டனுங்க."

"உறையா?"

"ஆமாங்க. பழைய மஞ்ச கிரீஸுல ஒவ்வொரு ஹப்புக்கும் ஒரு உருண்டை. தயிருக்கு உறை வெக்கறாப்பலதானுங்க. பழசு கொஞ்சம் இருந்தாத்தான் புதுசு வண்டிக்குப் பழகும்."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

இந்த வழக்கத்தைப் பற்றி நான் முன்பே கேள்விப்பட்டிருக்கிறேன். நாமக்கல் பட்டறைகளில் பலர் செய்வதுதான். கேட்டுச் சிரித்திருக்கிறேன். மஞ்சளோடு மஞ்சள் சேர்ந்தவரைக்கும் ஒரு பாதகமும் இல்லை. ஆனால் சோடா சோப்பும் லித்தியம் சோப்பும் ஒன்றுக்கொன்று ஆகாது. தனித்தனியாக இரண்டும் தங்கம். கலந்தால் பிடிமானம் விட்டுப்போய் இளகிவிடும். இளகினால் ஹப்பை அடைத்திருக்கும் ரப்பர் சீலைத் தாண்டிக் கசிந்து பிரேக் லைனரில் இறங்கும். லைனரில் கிரீஸ் பட்டால் பிரேக் பிடிக்குமா?

என் பன்னிரண்டு வரியில் 'பழைய கிரீஸைச் சுத்தமாகக் கழுவிவிட்டுப் போடவும்' என்ற வரி இல்லை. கழுவாமலா போடுவார்கள் என்று நினைத்துவிட்டேன்... இல்லை, அதுகூடப் பொய். அதைப்பற்றி நான் நினைக்கவே இல்லை.

செங்கோடனின் டூல்ஸ் பையில் ஒரு டப்பா. அதில் பழைய மஞ்சள் கிரீஸ் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கடைக்காரரிடம் ஒரு பழைய கரண்டியைக் கேட்டு வாங்கி, அதையும் என் டின்னில் இருந்த நீலத்தையும் பிசைந்து அடுப்பில் காட்டினேன்.

"பாலு காயற அடுப்புல என்னத்தைங்க வெக்கறீங்க?" என்று கடைக்காரர் சத்தம் போட்டார். கரண்டியில் இருந்தது தண்ணி மோர் மாதிரி ஓடியது.

செங்கோடன் கரண்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"மலை மேல ஏதுங்க போனு? ஏறுங்க சார்" என்றான்.

மலை ஏறும்போது பிரேக்குக்கு வேலை குறைவு. சூடும் ஏறாது. ஆபத்தெல்லாம் இறக்கத்தில். எழுபது கொண்டை ஊசி வளைவு, நாற்பது பேர், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்க வேண்டிய பாதை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். எதிரே லாரிச் சத்தம் கேட்டால் நம்பர் பிளேட்டைத் தேடினேன். நம் வண்டியோ? விசேஷத்தை முடித்துக்கொண்டு அதற்குள் கிளம்பிவிட்டார்களோ? காலையில் சரஸ்வதி பேசாமல் ஏறிப்போன முகமே கண்ணில் நின்றது. அதுதான் கடைசியாகப் பார்த்த முகம் என்று ஆகிவிட்டால்?

கோயில் வாசலில் லாரி நின்றிருந்தது. நான் பார்த்ததிலேயே அழகான லாரி அதுதான்.

உள்ளே மகள் மாமன் மடியில். ஆசாரி ஊசியோடு தயார். "இப்பவாச்சும் வந்தீங்களே" என்று சரஸ்வதி கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்தினாள். அந்த இடத்தில் எப்படிச் சொல்ல? செங்கோடன் என் காதருகே வந்து, "நீங்க புள்ளையப் பாருங்க. நான் சக்கரத்தைப் பாக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு நழுவினான்.

எனக்கு ஒரு கேவலமான யோசனை வந்தது. பந்தி நடக்கும்போதே கழுவி மாட்டிவிட்டால் யாருக்குமே தெரியாதே?

நாலு சக்கரத்தை ஒற்றை ஆளாகக் கழற்றி மாட்ட மந்திரமா தெரியும்? பந்தி முடிந்து மச்சான் கை கழுவ வந்தார். ஜாக்கியில் நின்ற லாரியைப் பார்த்தார்.

"என்றா செங்கோடா! நல்ல நாளும் அதுவுமா எதுக்குடா சக்கரத்தைக் கழட்டிப் போட்டிருக்கற?"

பின்னாலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டான். "தப்பு நடந்து போச்சுங்கண்ணா. உறை வெச்சுட்டனுங்க. வெக்கக் கூடாதாமாங்க."

"யாரு சொன்னா? இத்தன வருசமா வெக்கறதுதானேடா?"

ஆளாளுக்கு அவனைத் திட்டினார்கள். பொம்பளை, புள்ளை வருகிற வண்டியில் இப்படியா வேலை செய்வது என்றார் ஒரு பெரியப்பா. அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். அவன் சொல்லவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மச்சான், அவன் மேல தப்பில்லீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "ரெண்டு கிரீஸும் சேரக்கூடாது. அது எனக்குத் தெரியும். டின்னுல எழுதோணும். எழுதல. இவன்கிட்ட வாயாலயாவது சொல்லியிருக்கோணும். சொல்லல."

மகள் புதுத் தோட்டைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

மச்சான் சக்கரத்தருகே குனிந்தார். கழற்றி வைத்திருந்த பின் ஹப்பில் விரலை விட்டார். மஞ்சளும் நீலமும் சேர்ந்து ஒருவிதப் பச்சையாகக் கூழாகியிருந்தது. சீல் ஓரம் ஈரம். லைனரின் விளிம்பிலும் ஒரு விரற்கடை அளவுக்கு ஈரம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார். அவ்வளவுதான். ஆம்பளைகள் அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள்.

லாரி டேங்கிலிருந்து டீசல் இறக்கி நாலு ஹப்பையும் பேரிங்கையும் கழுவினோம். லைனரைத் துடைக்கச் செங்கோடன் தன் மோட்டார் சைக்கிளில் இருந்த பெட்ரோலையெல்லாம் பிடித்துவிட்டான். நான் பையில் கொண்டுபோன அஞ்சு கிலோ டின் அங்கேதான் உபயோகப்பட்டது. ஒவ்வொரு ஹப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் மஞ்சள் தெரிகிறதா என்று நானே பார்த்தேன். மூன்றாவது தடவை பார்த்தபோது, "மாப்ள, துணி தேஞ்சுரும்" என்றார் மச்சான். யாரும் சிரிக்கவில்லை.

இறங்கும்போது டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நான். பின்னால் நாற்பது பேர், பெட்ரோல் இல்லாத மோட்டார் சைக்கிள், அதைப் பிடித்துக்கொண்டு செங்கோடன். வளைவுக்கு வளைவு மச்சான் பிரேக்கை மிதிக்கும்போது என் காலும் தரையை மிதித்தது. சரியாகக் கழுவினோமா? மூலையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால்? பின்னால் என் மகள் பாடிக்கொண்டு வந்தாள். பாட்டு நின்றபோதெல்லாம் எனக்கு மூச்சும் நின்றது.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, மச்சான் இறங்கிப்போய் நாலு ஹப்பையும் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்புத்தான். கசிவு இல்லை.

"உங்க கிரீஸு நல்ல கிரீஸுதானுங்க மாப்ள. டின்னுக்குத்தான் வாயில்ல" என்றார். அன்று முழுக்க அவர் என்னைத் திட்டியது அந்த ஒரு தடவைதான். நன்றாகத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

திங்கட்கிழமை முதலாளியிடம் சொல்லி லேபிளை நிறுத்தினேன். பன்னிரண்டு வரியும் போயிற்று. இப்போது பெரிய எழுத்தில் ஒரே வரி: 'பழைய கிரீஸைக் கழுவாமல் போடாதீர்கள். உறை வைக்காதீர்கள்.' அதுவரை விற்ற டின்களைத் தேடி நானும் செங்கோடனும் பட்டறை பட்டறையாக அலைந்தோம். நாமக்கல், திருச்செங்கோடு, மல்லசமுத்திரம்... எல்லா வண்டியையும் பிடித்துவிட்டோம். ஒன்றைத் தவிர. அது ஜேடர்பாளையத்துக்காரர் வண்டி. சனிக்கிழமையே லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விட்டது. உறை வைத்தேன் என்கிறார் அந்தப் பட்டறைக்காரர். எந்த ஊரில் நிற்கிறது என்று லாரி புக்கிங் ஆபீஸில் கேட்டால் கையை விரிக்கிறார்கள்.

தினமும் காலையில் நான் கிளம்பும்போது சரஸ்வதி கேட்கிறாள். "ஏனுங்க, அந்த வண்டி வந்துருச்சுங்களா?"

இன்னும் இல்லை.

நாக்பூர் பக்கம் நம்மூர் லாரிகள் நிற்கும் ஓட்டல்களில் தமிழ்ப் பத்திரிகை கிடைக்கும் என்கிறார்கள். அதனால்தான் இந்த வாரம் வேறு எதையும் எழுத மனசு வரவில்லை. ஜேடர்பாளையத்து அண்ணா, நீங்கள் இதைப் படிக்க நேர்ந்தால்... டீயை அப்புறம் குடிக்கலாம், முதலில் போய் ஹப்பைக் கழற்றுங்கள்.