பியரா வினாகிரியா

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஒரு மாரிகாலம். நானும் என் கணவரும் பாரிசின் லா ஷப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியின் மேல் முனையிலிருந்து பிரியும் சின்னத் தெரு ஒன்றில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். அவர் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். நான் வீட்டிலிருந்தபடியே கோட்டுகளுக்கு உள்துணி தைத்துக் கொடுத்தேன். நாள் முழுக்கத் தையல் மெஷினோடு கதைப்பவளுக்குப் பிரெஞ்சு எங்கேயிருந்து வரும்? வணக்கத்துக்குப் பொன்ழூர், நன்றிக்கு மெர்சி, மன்னிப்புக்குப் பார்தோன். இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கோப்பியோடு மதுவும் விற்கும் ஒரு கஃபே இருந்தது. அதை நடத்தியவரை எல்லோரும் மதாம் என்றே கூப்பிட்டார்கள். அறுபதை நெருங்கிய, பெரிய உடம்புக்காரி. பெல்ஜியம் எல்லையோரக் கிராமமொன்றில் பிறந்து, கணவர் இறந்த பிறகு பாரிசுக்கு வந்து இந்தக் கஃபேயை எடுத்தவர். அவர் சிரித்தால் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். கோபித்தாலும் கேட்கும். எனக்கு வரும் துணிக்கட்டுகளை வேன்காரன் அவரிடம்தான் போட்டுவிட்டுப் போவான். நான் இறங்கிப் போய் எடுக்கும்போதெல்லாம் இருந்து ஒரு கோப்பி குடி என்று கதிரையை இழுத்துப் போடுவார். நான் பார்தோன் சொல்லிவிட்டு ஓடி வந்துவிடுவேன். கண்ணாடிக்கு வெளியே நம்மவர்கள் போய்வரும் தெரு. மன்னாரிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் மதுக்கடைக்குள் இருந்தாள் என்ற கதை, நான் கட்டைத் தூக்கிக்கொண்டு படியேறி முடிப்பதற்குள் புறநகரில் நம்மவர்கள் இருக்கும் சார்செல் வரைக்கும் போய்விடும்.

அந்த மாரியில் குளிர் கடுமையாக இருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் மதாமின் குரல் கேட்டது. அது சிரிப்புமில்லை, கோபமுமில்லை. என் கணவருக்கு அன்றைக்கு லீவு. இரண்டு பேரும் இறங்கி ஓடினோம். உறைந்திருந்த தண்ணீர்க்குழாய் வெடித்து, கஃபேக்குக் கீழே இருந்த நிலவறைக்குள் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாம் மாடியிலிருந்த பாண்டிச்சேரி ஐயாவும் வந்துவிட்டார். அவர் சைகோனில் பிரெஞ்சு அரசாங்கத்தில் வேலை பார்த்து, பிறகு பாரிசில் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். குப்பை கொட்டப் போவதென்றாலும் கழுத்தில் டை இருக்கும். அன்றைக்கும் இருந்தது. டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டுக் காற்சட்டையை மடித்துக்கொண்டார். என் கணவர் தண்ணீருக்குள் நின்று போத்தல்களை எடுத்துக் கொடுக்க, ஐயா படியின் நடுவில் நின்று வாங்க, நான் மேலே நின்று வாங்கி மதாமிடம் கொடுத்தேன். பழுப்புக் கண்ணாடிப் போத்தல்கள். எல்லாவற்றின் வாயும் கம்பி சுற்றிச் சிவப்பு மெழுகால் மூடியிருந்தது. கடைசிப் போத்தலோடு என் கணவர் மேலே வந்தபோது அவருடைய காலில் ஈரக் காகிதங்கள் ஒட்டியிருந்தன. போத்தல்களில் ஒட்டியிருந்த லேபல்கள்.

மதாம் அந்தக் காகிதங்களைப் பார்த்தார். பிறகு வரிசையாக நின்ற போத்தல்களைப் பார்த்தார். கதிரையில் பொத்தென்று இருந்து வேகமாக ஏதோ சொல்லத் தொடங்கினார்.

“என்னவாம் ஐயா?” என்று கேட்டேன்.

“இவங்க தம்பி ஊர்ல பண்ணை வச்சிருக்காராம்மா. அங்கயே பியர் காய்ச்சுறாரு. வருஷத்துக்கு ஒரு தடவைதான் இந்த மாதிரி ஸ்பெசியால் போடுவாராம். உடனே குடிக்கிறதுக்கு இல்ல, வச்சிருந்து குடிக்கிறதுக்கு. இவங்க இந்தக் கஃபேய எடுத்தப்ப ஒரு பெட்டி குடுத்து, பத்து வருஷம் கழிச்சுத்தான் தொறக்கணும்னு சொன்னாராம். அந்தப் பத்தாவது வருஷ விழா அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை.”

“பிறகென்ன? போத்தல் ஒண்டும் உடையேல்லையே” என்றார் என் கணவர்.

ஐயா மதாமிடம் கேட்டார். மதாம் கைகளை விரித்துச் சொன்ன பதிலில் ஒரு சொல் மட்டும் என் காதில் தெளிவாக விழுந்தது. வினேக்ர்.

“வினாகிரி!” என்று கத்திவிட்டேன். வினிகருக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

மதாம் நிமிர்ந்து பார்த்தார். அந்த மூன்றுக்கும் அப்பால், ஐயாவின் உதவியில்லாமல் எனக்கு விளங்கிய முதல் பிரெஞ்சுச் சொல் அதுதான். மீதியை ஐயா சொன்னார். கஃபேயில் மிஞ்சிய பியரை மதாம் வீணாக்காமல் வினாகிரியாக்கி, அதே மாதிரிப் போத்தல்களில் அடைத்து, அதே மெழுகை உருக்கி ஊற்றி, அதே மூலையில் அடுக்கியிருந்தார். எது பியர், எது வினாகிரி என்பதைச் சொன்ன காகிதங்களெல்லாம் இப்போது என் கணவரின் காலில்.

இப்போதே திறந்து பார்த்தால் விழாவுக்குள் பியரின் உயிர் போய்விடும். யோசித்துக்கொண்டே இருந்த மதாமுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. தெருவையே ஆட்டும் அந்தச் சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வைத்துத்தான் திறப்பதாம். அதிர்ஷ்டம் இருந்தால் பியர், இல்லாவிட்டால் சலாட்டுக்கு வினாகிரி. “நீங்கள் மூன்று பேரும் வராவிட்டால் நான் மேலே வந்து தூக்கிக்கொண்டு போவேன்” என்று சொல்லியிருக்கிறார். அவருடைய தோள்களைப் பார்த்தால் நம்பத்தான் வேண்டும்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு நாங்கள் கீழே போனோம். நான் சேலைக்கு மேல் கோட்டு போட்டிருந்தேன். உள்ளே தெருக்காரர்கள் நிறைந்து நின்றார்கள். சுவருக்குச் சாந்து பூசும் ஒரு போர்த்துக்கீசர், இறைச்சிக்கடைக்காரரும் மனைவியும், நாயோடு வந்த கிழவி ஒருத்தி. மேசையில் சீஸும் பாணும் தொத்திறைச்சியும். நான் கண்ணாடிக்கு முதுகு காட்டி ஒரு மூலையில் நின்றுகொண்டேன்.

முதற் போத்தலைத் திறக்கும் பொறுப்பை ஐயா தானாகவே எடுத்துக்கொண்டார்.

“சைகோன்ல இருந்தப்பவே ஷாம்பாஞ் தொறந்தவன்மா நான். பாட்டில கையில எடுத்தாலே தெரிஞ்சிடும்” என்றார்.

ஒவ்வொரு போத்தலாக எடுத்துக் காதருகே வைத்துக் கேட்டார். ஒன்றைத் தேர்ந்தார். மெழுகைச் சுரண்டி, கம்பியை முறுக்கி, தக்கையை இழுத்தார். சத்தமே வரவில்லை. அதைக் கவனிக்காதவர் போலக் கிளாஸில் ஊற்றி, எல்லோரையும் பார்த்து உயர்த்தி, வாய் நிறையக் குடித்தார்.

அவருடைய முகத்தை எப்படிச் சொல்வது? கண் இரண்டும் மூடிக்கொண்டன. காது சிவந்தது. துப்பினால் மரியாதை போய்விடும். மெதுவாக, மிக மெதுவாக விழுங்கினார். பிறகு கைக்குட்டையால் மீசையைத் துடைத்துக்கொண்டு பிரெஞ்சில், “மதாம், உங்கள் சலாட் பிரமாதமாக இருக்கும்” என்றார். கஃபே அதிர்ந்தது. நாயும் குரைத்தது.

இரண்டாவதை மதாம் திறந்தார். அதுவும் வினாகிரி. மூன்றாவதைத் திறந்தார். வினாகிரிதான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பத்து வருஷத்தில் தம்பியின் பியரும் புளித்துத்தான் போயிற்றோ என்று மதாம் நினைப்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. மூலையிலிருந்து மெல்ல நகர்ந்து, போத்தல்களின் வாயைக் குனிந்து குனிந்து மணந்து பார்த்தேன். சிலவற்றில் மெழுகு வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியே வினாகிரி மூக்கில் குத்தியது. ஒன்றில் மட்டும் அந்தக் குத்து இல்லை.

“என்னப்பா, இதிலை வினாகிரி மணம் இல்லை” என்று என் கணவரிடம் இரகசியமாகத்தான் சொன்னேன்.

அவர் குசினியில் வேலை செய்து பழகிய குரலில், “ஐயா! இவ சொல்லுறா, இது பியராம்!” என்று கத்தினார்.

எல்லாத் தலைகளும் திரும்பின. மதாம் என் கையைப் பிடித்துக் கவுண்டருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். தக்கையை அவர் கொஞ்சம் அசைத்ததும் அது தானாகவே வெளியே பாய்ந்து கூரையில் பட்டது. பழுப்பு நுரை மெதுவாக எழும்பிப் போத்தலின் கழுத்தால் வழிந்தது. தெருக்காரர்கள் கை தட்டினார்கள். மதாம் கிளாஸைச் சரித்துப் பிடித்து ஊற்றி, அதை என் முன்னால் வைத்தார்.

“கண்டுபிடிச்சவங்கதான் முதல்ல குடிக்கணுமாம்” என்றார் ஐயா.

“ஐயோ, எனக்கு வேண்டாம் ஐயா. இவர் இருக்கிறாரே.”

ஆனால் அவர் குடிக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். பிரான்சுக்கு வரும் பயணம் நல்லபடி முடிந்தால் இனி மதுவைத் தொடமாட்டேன் என்று மடு மாதாவுக்கு நேர்ந்துவிட்டு வந்தவர். நான் அவரைப் பார்த்தேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“குடியும். நேர்த்தி வைச்சது நான்தானே, நீரில்லையே.”

கிளாஸ் கனமாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தபோது கருப்புப் போலத் தெரிந்தது ஓரத்தில் மாதுளை நிறமாக மாறியது. மூக்கருகே கொண்டுபோனேன். பியர் என்றால் ஊரில் கலியாண வீட்டு ஆண்களிடம் வந்த நாற்றம்தான் எனக்குத் தெரியும். இது அது இல்லை. உருக்கிய பனங்கட்டியின் மணம். அதற்குப் பின்னால் ஊறிய பேரீச்சம்பழம். எல்லாவற்றுக்கும் அடியில், இரவு முழுக்கப் பொங்கிய அப்பமாவின் சட்டியைத் திறந்தால் வருமே, அந்த லேசான புளிப்பு. ஒரு மிடறு குடித்தேன். முதலில் நாக்கின் ஓரம் புளித்தது. முகத்தைச் சுளிக்கலாமா என்று நினைப்பதற்குள் இனிப்பு வந்தது. விழுங்கிய பிறகு ஒரு கைப்பு வந்து இரண்டையும் கழுவிவிட்டுப் போயிற்று. நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு அடுப்பைப் பற்றவைத்தது போலச் சூடு பரவியது.

நான் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு மிடறு குடித்தேன்.

“எப்படி இருக்கு?” என்று ஐயா கேட்டார்.

“நல்லா இருக்கு ஐயா. நல்லா இருக்கு” என்றேன். என் வாய் காது வரைக்கும் விரிந்திருந்ததாக என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார்.

அதன் பிறகே மதாம் குடித்தார்.   கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே தொலைபேசிக்குப் போய்த் தம்பிக்கு எண்ணைச் சுழற்றினார். இரண்டு பக்கமும் கத்தினார்கள். அந்தப் பக்கம் தம்பி கத்தியது எங்களுக்கும் கேட்டது. திடீரென்று மதாம் ரிசீவரை என் காதில் வைத்தார். முதலில் குடித்தது நான்தான் என்று சொல்லியிருக்கிறார்.

கடகடவென்று கல் உருளுவது போல ஒரு குரல். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நான் பயந்துபோய் ரிசீவரை ஐயாவிடம் நீட்டினேன். அவர் டையைச் சரிசெய்துகொண்டு, “உய் மிஸ்யூ... உய்... கொமான்?” என்றார். என்ன சொன்னீர்கள் என்று கேட்கிறார். மறுபடியும், “கொமான்?” பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“என்னம்மா இது, ஒரு எழவும் புரியல. இது பிரெஞ்சே கிடையாது!”

வயிறு நோகச் சிரித்தேன். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கே விளங்காத பிரெஞ்சு ஒன்று இருக்கிறதென்றால், நான் எதற்காக இத்தனை நாள் வெட்கப்பட்டேன்? பிரான்சின் வடக்கத்திப் பேச்சு அப்படித்தான் என்று மதாம் அவரைத் தேற்றினார். தம்பி கேட்டதை மதாம் பாரிஸ் பிரெஞ்சில் சொல்ல, ஐயா தமிழில் சொன்னார். “என்ன மணம் வருதுன்னு கேக்குறாரு.”

“பனங்கட்டி மணம் எண்டு சொல்லுங்கோ.”

“பனங்கட்டியா? அதை நான் எப்படிம்மா பிரெஞ்சுல சொல்றது?” என்று தலையைச் சொறிந்துவிட்டு, ‘ஒரு மரத்தின் சர்க்கரை’ என்றோ என்னவோ மதாமிடம் சொன்னார். அது வடக்கத்திப் பேச்சாகிப் பண்ணைக்குப் போயிற்று. என்ன மரம், எவ்வளவு உயரம் என்று பதில் கேள்வி வந்தது. நான் பொறுமையிழந்து ரிசீவரை வாங்கினேன்.

“மிஸ்யூ, ஸே போன். த்ரே த்ரே போன்!” என்று, நல்லா இருக்கு, மிக மிக நல்லா இருக்கு என்பதற்கு அன்றைக்குக் கஃபேயில் காதில் விழுந்த சொற்களை வைத்துக் கத்தினேன்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பில் அக்காவும் தம்பியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பது தெரிந்தது.

வெற்றி தந்த துணிச்சலில் அடுத்த போத்தலையும் நானே தேர்ந்தேன். அது சுத்தமான வினாகிரி. ஆனால் அதற்கடுத்ததும் அதற்கடுத்ததும் பியர். நுரை பொங்கியபோதெல்லாம் கூச்சல் எழுந்தது. ஐயா முதல் அவமானத்தை மறந்து மூன்று கிளாஸ் குடித்தார். போர்த்துக்கீசர் மதாமை இழுத்து மேசைகளுக்கு நடுவில் ஆடவைத்தார். என் கணவர் எலுமிச்சம் சர்பத்தோடு நின்று எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார். பொழுது சாயுமுன்னே நாங்கள் மேலே ஏறினோம். இரண்டாம் மாடியில் நான் படியில் இருந்துகொண்டு, “என்னப்பா, இந்தப் படி ஏன் இப்பிடி மெத்து மெத்தெண்டு இருக்கு?” என்று கேட்டேனாம். எனக்கு ஞாபகமில்லை.

திறந்த வினாகிரியை மதாம் எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு போத்தலாகப் பங்கிட்டிருந்தார். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கரட் எல்லாம் போட்டு, கடுகு அரைத்துச் சேர்த்து, அந்த வினாகிரியில் அச்சாறு செய்தேன். பியருக்குப் போடும் மால்ட்டின் இனிப்பு அதில் அப்படியே இறங்கியிருந்தது. ஒரு ஜாடியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கீழே போய் மதாமிடம் கொடுத்தேன். அவர் ஒரு வெங்காயத்தைத் தின்றுவிட்டு, ஜாடியைக் கவுண்டரில் எல்லோருக்கும் எட்டும் இடத்தில் வைத்தார்.

வேலை முடிந்து வந்த போர்த்துக்கீசர் பச்சை மிளகாயைப் போஞ்சிக்காய் என்று நினைத்து முழுதாக வாயில் போட்டார். ஒரு முழு கிளாஸ் பியரையும் ஒரே மூச்சில் இறக்கினார். கண்ணீர் ஓட, மேசையில் அடித்து, ஜாடியைக் காட்டி இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றார். மதாம் அவருக்கு இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அடுத்த கிழமை பெரிய ஜாடியாகக் கொண்டுவா என்றார். அதை ஐயா மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.