வாசலில் சொல்லும் நல்ல வார்த்தை

மழலையர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியும் அவளுக்குப் பெயர் 'புது மிஸ்'தான். பதினெட்டுப் பிள்ளைகள். ஒருத்தனுக்கு மூக்கு துடைத்து நிமிர்வதற்குள் இன்னொருத்தி பசையை வாயில் வைத்திருப்பாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது பக்கத்து வகுப்பு.

பெற்ற பிள்ளையைத் தன் வகுப்பில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பள்ளியின் சட்டம். அதனால் அவளுடைய நாலு வயது மகள் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அங்கே ஆசிரியை 'மியாவ்' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், அறையே கப்சிப். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பூனை மிஸ். வயது இருபத்திமூன்று, கல்யாணம்கூட ஆகவில்லை. அவளிடம் போய் மகள் அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டாள். தடுப்புக்கு அப்பால் மகள் கலகலவென்று சிரிக்கும்போதெல்லாம் புது மிஸ்ஸுக்கு வயிறு எரிந்தது.

வீட்டிலும் பூனை மிஸ் புராணம்தான். "பூனை மிஸ் கேரட்டை வட்டமா வெட்டுவாங்க. பூனை மிஸ் முடியை இழுக்காம வாருவாங்க." ஒரு நாள், சாப்பிட மறுத்த மகளிடம் வெட்கத்தை விட்டு அவளும் 'மியாவ்' என்று சொல்லிப் பார்த்தாள்.

"நீ பூனை இல்ல, மிஸ்," என்றாள் மகள்.

கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பெத்தவளையே மிஸ்ஸுன்னுட்டா. விடு, வாய் தவறி வந்துடுச்சு."

அவள் சிரிக்கவில்லை. அன்று பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள்.

ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. பள்ளி விடும்போது ஒவ்வொரு பிள்ளையையும் வாசலில் பெற்றோர் கையில் ஒப்படைத்து, ஒரு நல்ல வார்த்தையும் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது தலைமை ஆசிரியையின் கட்டளை. புது மிஸ்ஸுக்குப் பாதி நாள் ஒன்றும் தோன்றாது. "இன்னைக்கு யாரையும் கடிக்கலைங்க" என்றுகூடச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஆனால் அவள் மகளை அழைத்துப்போக வரும்போது பூனை மிஸ் தினமும் சொல்வாள்: "நாள் முழுக்க உங்க பேச்சுதான் அக்கா. அம்மா எப்ப வருவாங்கன்னு கேட்டுட்டே இருந்தா." ஆளைப் பிடிக்காவிட்டாலும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வீடு போய்ச் சேர்வாள்.

அவள் வகுப்பில் ஒரு சிறுமி, சேர்ந்த நாள் முதல் மேஜைக்கடியிலேயே குடியிருந்தாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்த புது மிஸ், கடைசியில் தானும் மேஜைக்கடியில் போய் உட்கார்ந்து, பேசாமல் படங்களை ஒட்ட ஆரம்பித்தாள். பத்து நாள் இடுப்பு ஒடிந்தது. ஒரு வியாழக்கிழமை சிறுமி அவள் துப்பட்டாவில் மூக்கைத் துடைத்தாள். மறுநாள் கழிப்பறையிலிருந்து, "அம்மா, முடிச்சிட்டேன்" என்று கூப்பிட்டாள்.

புது மிஸ்ஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இதோ, அம்மா வந்துட்டேன்" என்றாள், தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே உரக்க.

அன்று வாசலில் சிறுமி துப்பட்டாவை விடவில்லை. அலுவலகத்திலிருந்து ஓடி வந்த தாயின் கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"வா கண்ணு, வீட்டுக்குப் போலாம்."

"மாட்டேன். மிஸ் கூட இருக்கேன்."

தாய் சிரிக்கப் பார்த்தாள். "வீட்லயும் உங்க பேச்சுதான் மிஸ். மேஜைக்கடியில உக்காருவீங்களாமே. நேத்து நானும் போய் உக்காந்தேன். நீ போ, இது மிஸ் இடம்னுட்டா."

அந்த முகத்தைப் புது மிஸ்ஸுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வாரமாக அதைத்தான் அவள் சுமந்துகொண்டு திரிகிறாள்.

"இப்ப சும்மா கொஞ்சறா," என்றாள் புது மிஸ். "இங்க நாள் முழுக்க உங்க பேச்சுதான். அம்மா எப்ப வருவாங்கன்னு கேட்டுட்டே இருந்தா."

யோசிக்காமல் வந்தது. காலையிலிருந்து சிறுமி தாயை ஒரு முறைகூடத் தேடவில்லை.

"நிஜமாவா மிஸ்?"

"நிஜமாத்தான்."

தாயின் முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளையை அள்ளி முத்தம் கொடுத்துக்கொண்டே தெருவில் இறங்கினாள்.

புது மிஸ் நின்ற இடத்திலேயே நின்றாள். சொன்னது யாருடைய வார்த்தை என்று அப்போதுதான் உறைத்தது. மூன்று வாரமாக, தினமும், ஓர் எழுத்து மாறாமல் கேட்ட வார்த்தை.

பக்கத்து வாசலில் பூனை மிஸ் குனிந்து மகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். மகள் அவள் தலைமேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள்.

"வாங்க அக்கா," என்றாள் பூனை மிஸ் நிமிராமல். "இன்னைக்கும் நாள் முழுக்க..." என்று ஆரம்பித்தவள், நிமிர்ந்து புது மிஸ்ஸின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

புது மிஸ்ஸுக்கு வயிறு எரியத்தான் செய்தது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள். "முழுசா சொல்லு."