வடம்வலிக்கு முன் கொஞ்சம் கிராம்பெண்ணெய்

கழக்கூட்டம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் அலுவலகத்தின் பெண்கள் அணி, ஓணத்துக்கு நடக்கும் வடம்வலியில், அதாவது கயிறிழுக்கும் போட்டியில், முதல் சுற்றைத் தாண்டியதே இல்லை. எதிரணி இழுக்கிற இழுப்பில் புல்தரையில் சறுக்கி விழுவோம், சிரித்துக்கொண்டே எழுந்து சத்யை விருந்து சாப்பிடப் போவோம். இந்த வருடம் அது நடக்காது என்றாள் புதிதாக வந்த கேப்டன். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப் பெண். வடத்தின் கடைசி ஆளும் அவள்தான். அவள் காலூன்றி நின்றால்தான் மற்றவர்களுக்குப் பிடிமானம்.

தினமும் வேலை முடிந்ததும் பயிற்சி. சீக்கிரமே யாருக்கும் தோளைத் தூக்க முடியவில்லை. நான் சாலைக் கடைத்தெருவில் கிராம்பு வாங்கி, வீட்டில் தேங்காயெண்ணெயில் போட்டு இளஞ்சூட்டில் வைத்து, ஆறியதும் வடிகட்டி, ஈரமில்லாத புட்டியில் கொண்டு போனேன். கேப்டன் புட்டியை அப்படியே கையில் கவிழ்க்கப் போனாள். தடுத்து, எல்லோரையும் முன்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு மட்டும் தடவி நாளை வரை பார்க்கச் சொன்னேன்.

"கறில போடுற கிராம்புதானே சேச்சி, அதுக்கு எதுக்கு டெஸ்டு?"

"கறி வயித்துக்குப் போறது. தோல் வேற. ஒரு நாள் பொறு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. போன வருடம் கணுக்கால் சுளுக்குக்குக் கடையில் வாங்கிய கிராம்புத் தைலத்தை எதிலும் கலக்காமல் தடவி, தோல் வெந்து கொப்பளித்துப் படாத பாடு பட்டவள் நான். வீட்டில் காய்ச்சும் எண்ணெய் அவ்வளவு கடுமையில்லை, ஆனாலும் சிலர் தோல் அதையும் தாங்காது, புண்ணிலும் கண்ணருகிலும் படவே கூடாது என்று அப்போது தோல் டாக்டர் சொல்லியிருந்தார்.

மறுநாள் மற்றவர்கள் கை சாதாரணமாக இருந்தது. கேப்டன் மட்டும் கையை நீட்டிக் காட்டினாள். தடவிய இடம் சிவந்து தடித்திருந்தது.

"தோள் முழுக்கத் தேச்சிருந்தா நான் வடமே பிடிச்சிருக்க மாட்டேன், அல்லே?"

சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். அவளுக்கு வெறும் தேங்காயெண்ணெய்தான் என்று முடிவானது. மற்றவர்கள் தோளில் மட்டும் லேசாகத் தேய்த்துக்கொண்டார்கள். வடம் உராய்ந்து கொப்பளித்த உள்ளங்கைப் பக்கம் யாரும் கொண்டுபோகவில்லை. இரண்டொரு நாளில் அவள் கையில் சிவப்பு அடங்கியது.

போட்டியன்று ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து இறுதிச் சுற்றுக்கு வந்தோம். எதிரே போன வருடம் வென்ற அணி. விசில் ஊதியதும் ஒரே இழுப்பில் எங்களை முன்னால் கொண்டுபோனார்கள். பின்னாலிருந்து "விடாதீங்க" என்று கேப்டனின் குரல். அவள் குதிகால் மண்ணில் புதைந்தது, வடம் நின்றது. பிறகு மெல்ல எங்கள் பக்கம் வரத் தொடங்கியது. எதிரணியின் முதல் ஆள் கோட்டைத் தாண்டி வந்து, எங்கள் வரிசையில் முதலில் நின்ற என் மேலேயே விழுந்தாள். மல்லாந்து கிடந்தபடி நான் கத்திய கத்தலில் மறுநாள் முழுக்க எனக்குக் குரலே வரவில்லை.