யன்னலுக்குக் கட்டிய சாறி

இரஞ்சிதம் அன்ரி எந்த வீட்டில் கமரா வைத்தாலும் முதலில் சுவரில் இருக்கும் குடும்பப் படங்களைத் திருப்பி வைப்பார். பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் பள்ளிக்கூடக் கடிதத்தைக் கழற்றுவார். கொடியில் காயும் சீருடையை மடித்து உள்ளே வைப்பார். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருடத்திலிருந்து நான் அவருக்கு மைக் பிடிக்கிறேன். ஒரு நாளும் இதை அவர் தவறவிட்டதில்லை. கிழமை நாட்களில் அவருக்கு முதியோர் இல்லத்தில் வேலை. சனி ஞாயிறில் இந்தப் படம். துணைவர் விசாவில் மெல்பேர்ணுக்கு வந்து வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்களுக்குத் தங்குமிடம் கேட்கிற படம்.

கிரெய்கிபர்ன் புறநகரில் ஒரு பெண்ணைப் படம் எடுத்தோம். முகம் இல்லை, கைகள் மட்டும். குரலுக்கு வேறொருத்தி. ஆனால் குசினி யன்னலால் பக்கத்து வீடு தெரிந்தது.

“மறைக்க ஒரு துணி இருந்தாத் தாரும் பிள்ளை.”

அவள் அலுமாரியிலிருந்து ஒரு பட்டுச்சாறி கொண்டுவந்தாள். “நான் எங்க கட்டப்போறன் அக்கா? யன்னலாவது கட்டட்டும்.”

சிரித்துக்கொண்டே கட்டினோம்.

நூலக மண்டபம் ஒன்றில் படத்தின் முதல் துண்டைக் காட்டினோம். யாரோ அதைப் போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். மறுநாள் அவள் கணவனின் அக்கா குழுவில் குரல்பதிவு அனுப்பியிருந்தாள்: “உது என்ர மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு நான் அவளுக்கு எடுத்துக் குடுத்த சாறியெல்லோ! முகத்தை மறைச்சா எங்களுக்குத் தெரியாதோ?”

யார் எந்த விழாவுக்கு என்ன கட்டினார்கள் என்பதை என் அம்மாவும் மறக்கமாட்டார். அந்தச் சனத்துக்குள்ளேதான் வளர்ந்தேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவளும் நான்தான். அந்தப் பட்டத்தால் எனக்கு எதைப் பார்க்கத் தெரிந்தது?

இனி எங்கும் காட்டுவதில்லை என்று அன்ரி படத்தை நிறுத்தினார். யாரோ அறிவித்துப் பொலிஸ் போய்க் கேட்டபோது, கணவன் பக்கத்தில் நிற்க, ஒன்றுமில்லை என்று அவள் சொன்னாளாம். பிறகு கணவனின் ஆட்கள் சொல்லித் திரிந்தார்கள்: விசாவுக்காகப் பொய் சொன்னவள், எல்லாம் படக்காரி சொல்லிக்கொடுத்தது.

அவள் அன்ரியை ஒரு முறைதான் அழைத்தாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையிலிருந்து பேசினாள்.

“அக்கா, நான் பொய் சொல்லேல்லை எண்டு நீங்கள் ஒருக்காச் சனத்துக்குச் சொல்லுங்கோ.”

“நான் வாய் திறந்தா, அது நீர்தான் எண்டு நானே காட்டிக்குடுத்த மாதிரி.”

“இனி ஆருக்குத் தெரியாது அக்கா?”

அன்ரி “ஓம், சொல்லுறன்,” என்றார்.

அதன்பின் அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம். சிட்னிக்குப் போய்விட்டார்கள் என்கிறார்கள். அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். எங்கே, யாருடைய கையில் இருக்கிறாள் என்று தெரியாமல் இங்கே பேசினால் அங்கே அவளுக்கு என்ன நடக்கும்? பேசாவிட்டால் அவள் பொய்க்காரி. நானும் அவள் பெயரை விட்டுவிட்டுத்தானே இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் பக்கத்திலிருந்த பெண் கேட்டாள்: “அந்தப் பெட்டை சொன்னது முழுக்கப் பொய்தானே அன்ரி?”

மேசையில் எல்லோரும் திரும்பினார்கள். அன்ரி வாயைத் திறந்தார். பிறகு சோற்றைப் பிசைந்தார்.

“எனக்குத் தெரியாது பிள்ளை.”

சொல்லுறன் என்று அவளுக்குச் சொன்னதை அவர் இன்னும் சொல்லவில்லை.