அமாவாசையன்று பதிந்த குரல்

எழுபதுகளில் நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. பேச்சைக் கேட்டு எழுதும் இயந்திரம் செய்கிறோம் என்று ஊரில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எங்கள் கணிப்பொறிக்கு ஒன்று முதல் பத்து வரைதான் தெரியும், அதுவும் நிறுத்தி நிறுத்திச் சொன்னால். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்துகொண்டிருந்த என் அண்ணனோ அதைத்தான் மலைபோல நம்பியிருந்தான். காசநோய்க்குப் போட்ட ஊசியில் அவனுக்குக் காது போய்விட்டது. மகள் பிறந்தது அதற்குப் பிறகு. அவள் குரலை அவன் கேட்டதே இல்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வான்.

"பாப்பா பேசறத உன் மிஷினு எழுதிக் காட்டுமாம்மா?" என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பான்.

எண்களையாவது காட்டலாமே என்று டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். தறிச் சத்தத்தில் எதுவும் பதியாது என்பதால் அமாவாசையாகப் பார்த்துப் போனேன். அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள்.

"பத்து வரிக்கும் எண்ணும்மா" என்றாள் அண்ணி. குழந்தை எண்ணக் கற்றுக்கொண்டதே அம்மா அரிசி அளப்பதைப் பார்த்துத்தான். அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வது எங்கள் வழக்கம். அவளும் "லாபம், ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்தாள்.

"லாபங்குது பாரு!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தான் அண்ணன். காது கேட்கிற எங்களுக்கு முந்தி அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைக் கெடுத்து, திருத்திச் சொல்லச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த முறை போகும்போது கணிப்பொறி அச்சடித்த தாளை எடுத்துப்போனேன். குழந்தை லாபம் என்று சொன்ன இடத்தில் ஏழு என்று இருந்தது. மற்றதிலும் பாதி தப்பு. என் குரலுக்குப் பழகிய இயந்திரம் குழந்தைக் குரலில் தடுமாறியது, அதுகூடப் போகட்டும். 'தெரியவில்லை' என்று சொல்ல அதற்கு நாங்கள் வழியே வைக்கவில்லை. எதைக் கேட்டாலும் பத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அண்ணன் தாளையே பார்த்தான். "ஏழுன்னா சொல்லிச்சு? அப்போ இத்தினி நாளா நான் தப்புத் தப்பாத்தான் புரிஞ்சிக்கினு இருந்தேனா?"

"இல்லண்ணா, மிஷின்தான் தப்பு" என்று திரும்பத் திரும்ப வாயசைத்துச் சொன்னேன்.

"எனுக்கு மனசு நோவக் கூடாதுன்னு சொல்றே. படிச்சவங்க செஞ்சது பொய் சொல்லுமா?"

அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் போடலாம்போல் ஆத்திரம் வந்தது. இன்று கைப்பேசி முழுப் பேச்சையும் எழுதிவிடுகிறது. புரியாத இடத்திலும் தயங்காமல் எழுதுகிறது. எல்லோரும் வியக்கிறார்கள். நான் ஒவ்வொரு வரியையும் திரும்பப் படித்துச் சரிபார்க்கிறேன்.

தாளைக் காட்டிய அன்று சாயங்காலம் குழந்தை ஓடிவந்து அண்ணன் முன்னால் நின்றாள். "அப்பா" என்றுதான் கூப்பிட்டாள். அவன் அவள் உதட்டைப் பார்த்தான். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினான்.

"இன்னா சொல்லுது?" என்று கேட்டான்.